ரேடாரின் வாயை அடைக்கப் போனவர்கள்: வைல்டு வீசல் விமானிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியட்நாம் போரில் எதிரியின் ஏவுகணை ரேடார்களைத் தேடிப்போய் மல்லுக்கு நின்ற அமெரிக்க விமானப் படைக் குழுக்களுக்கு 'வைல்டு வீசல்' என்று பெயர். வளைக்குள் தலையை விட்டு இரை பிடிக்கும் ஒரு சின்ன விலங்கின் பெயர் அது. அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் பின்னாளில் சொன்ன நினைவுகளையும், விருதுச் சான்றுகளில் பதிவானவற்றையும் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். பிந்தைய போர்களைப் பற்றிய கேள்விகள் கடைசியில் இருக்கின்றன.

ரேடாரைத் தாக்குவதற்கென்று தனியாக ஒரு படை எதற்கு?

வடக்கு வியட்நாமுக்கு சோவியத் யூனியன் கொடுத்த எஸ்-75 ஏவுகணைதான் காரணம். அமெரிக்கர்கள் அதை எஸ்.ஏ.-2 என்றும், பேச்சில் வெறுமனே 'சாம்' என்றும் சொன்னார்கள். சுமார் பத்தரை மீட்டர் நீளம், இரண்டு டன்னுக்கு மேல் எடை, முனையில் ஏறக்குறைய 200 கிலோ வெடிமருந்து. அது கிளம்பி வருவதைப் பார்த்த விமானிகள் 'பறக்கும் தந்திக் கம்பம்' என்று பெயர் வைத்தார்கள்.

அந்தத் தளங்கள் கட்டப்படுவதை 1965 ஏப்ரலிலேயே உளவு விமானம் படம் பிடித்துவிட்டது. சோவியத் ஆலோசகர்கள் செத்துப்போனால் வம்பு பெரிதாகும் என்று வாஷிங்டன் தாக்க அனுமதி தரவில்லை. ஜூலை 24 அன்று ஒரு எஃப்-4சி விமானம் இந்த ஏவுகணைக்குப் பலியானது. அமெரிக்கா சாமுக்கு இழந்த முதல் போர் விமானம் அதுதான். அதன் விமானி ரிச்சர்டு கெய்ர்ன் சிறைபிடிக்கப்பட்டார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிலும் கைதியாக இருந்தவர் அவர்! பின்னால் இருந்த ராஸ்கோ ஃபோபேர் உயிரிழந்தார்.

மூன்று நாள் கழித்து, ஜூலை 27 அன்று, பழிவாங்க எஃப்-105 விமானங்கள் கூட்டமாகத் தாழப் பறந்து போயின. ஒரு தளத்தில் இருந்தவை பொம்மை ஏவுகணைகள், இன்னொன்று காலி. சுற்றிலும் விமான எதிர்ப்புப் பீரங்கிகள் காத்திருந்தன. ஆறு விமானங்கள் வீழ்ந்தன. இப்படி முட்டி மோதிப் பயனில்லை, ரேடார் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் விமானம் ஒன்று வேண்டும் என்பது அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது.

ஏவுகணையை விட்டுவிட்டு ரேடாரை ஏன் குறிவைத்தார்கள்?

எஸ்.ஏ.-2 தானாக இலக்கைத் தேடிப் போகாது. தரையில் 'ஃபேன் சாங்' என்ற ரேடார் விமானத்தையும் ஏவுகணையையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டு, இடப்பக்கம் திரும்பு, மேலே ஏறு என்று ரேடியோவில் கட்டளை அனுப்பும். ஒரு தளத்தில் வழக்கமாக ஆறு ஏவுமேடைகள், நடுவில் ஒரு ரேடார். அந்த ஒன்று வாயை மூடிக்கொண்டால் ஆறும் வெறும் இரும்பு.

ரேடாருக்கு ஒரு பலவீனமும் உண்டு. இருட்டில் டார்ச் அடித்துத் தேடுகிறவனை, தேடப்படுகிறவன் முதலில் பார்த்துவிடலாம். வீசல்களின் தொழில் முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நின்றது.

முதலில் போனவர்கள் யார்?

1965 நவம்பரில் நான்கு எஃப்-100எஃப் விமானங்கள் தாய்லாந்தின் கோராட் தளத்துக்கு வந்து சேர்ந்தன. இரண்டு இருக்கை கொண்ட பயிற்சி வகை விமானம், அதில் அவசர அவசரமாகப் பொருத்திய ரேடார் உணர்கருவிகள். முன்னால் விமானி, பின்னால் மின்னணுப் போர் அதிகாரி. இந்த அதிகாரிகளில் பலர் பி-52 போன்ற பெரிய குண்டுவீச்சு விமானங்களில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து வேலை பார்த்துப் பழகியவர்கள்.

அவர்களில் ஒருவர் ஜாக் டோனவன். வேலை என்ன என்று விளக்கியதும் அவர் சொன்னதாக ஒரு பேச்சு வழங்கிவருகிறது. தன்னை யாராலும் எதுவும் செய்ய முடியாது என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு கிறுக்குப் போர் விமானிக்குப் பின்னால் நான் உட்காரணும், சாம் தளத்துக்கு நேராகப் போகணும், அது நம்மைச் சுடுவதற்குள் நாம் அதைச் சுடணும், என்ன விளையாடுகிறீர்களா என்ற அர்த்தத்தில். அவர் முடித்தது இதைவிடக் கொச்சையான வசவோடு. அந்த வசவின் முதலெழுத்துகள் வீசல் குழுக்களின் சட்டைச் சின்னத்திலேயே ஏறிவிட்டன, இன்றைக்கும் இருக்கின்றன.

டிசம்பர் 20 அன்று முதல் அடி விழுந்தது. ஜான் பிட்ச்ஃபோர்ட், ராபர்ட் டிரையர் இருவரும் போன விமானத்தைப் பீரங்கிக் குண்டு வீழ்த்தியது. டிரையர் இறந்தார், பிட்ச்ஃபோர்ட் 1973 வரை சிறையில் இருந்தார். இரண்டே நாளில், டிசம்பர் 22 அன்று, ஆலன் லாம்ப் ஓட்ட டோனவன் பின்னால் இருந்து வழிகாட்ட, யென் பாய் அருகே முதல் சாம் தளம் அழிக்கப்பட்டது. மலை மறைவில் தாழ்ந்து பறந்து, சிக்னல் வரும் திசையை அவ்வப்போது எட்டிப்பார்த்துச் சரிசெய்துகொண்டே நெருங்கி, லாம்ப் முதலில் ராக்கெட் அடித்தார். கூட வந்த நான்கு எஃப்-105 விமானங்கள் மிச்சத்தை முடித்தன.

எஃப்-100 வேகம் போதாத விமானம். உடன் வந்த எஃப்-105 விமானங்கள் அதோடு ஒட்டி வருவதற்காக வளைந்து வளைந்து பறக்கவேண்டியிருந்தது. அதனால் 1966 நடுவில் இரண்டு இருக்கை எஃப்-105எஃப் அந்த இடத்தைப் பிடித்தது. விமானிகள் அதைச் செல்லமாக 'தட்' என்பார்கள்.

காக்பிட்டில் என்ன தெரியும், காதில் என்ன கேட்கும்?

எதிரே கைக்கடக்கமான ஒரு வட்டத் திரை. அதில் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். ஏதாவது ரேடார் விமானத்தைத் தொட்டால், மையத்திலிருந்து அந்தத் திசையில் ஒரு கோடு நீளும். சிக்னல் வலுவாக வலுவாகக் கோடும் நீளும். மூன்றாவது வளையத்தைத் தொட்டுவிட்டால் 'மூன்று வளையம்' என்று சத்தம் போடுவார்கள். ஆள் பக்கத்தில் இருக்கிறான், பார்த்துக்கொண்டும் இருக்கிறான் என்று பொருள்.

ஆனால் நினைவுகளைப் படிக்கும்போது கண்ணைவிடக் காதுதான் அதிகம் வேலை செய்திருப்பதாகத் தெரிகிறது. ஒவ்வொரு வகை ரேடாருக்கும் ஹெட்போனில் தனிச் சத்தம். ஃபேன் சாங்கின் சத்தத்தைக் கிட்டத்தட்ட எல்லோருமே கிலுகிலுப்பைப் பாம்பு வாலை ஆட்டுவதோடு ஒப்பிடுகிறார்கள். தேடும்போது ஒரு சுருதி. ஏவுவதற்குத் தயாராக இலக்கைப் பிடித்துக்கொள்ளும்போது துடிப்பு வேகம் இரட்டிப்பாகி சுருதி எகிறும். பீரங்கியை இயக்கும் ரேடார்களுக்கு வேறு சத்தம். இத்தனைக்கும் நடுவில் சக விமானங்களின் ரேடியோ பேச்சு, எதிரியின் மிக் போர் விமானம் வருகிறது என்ற எச்சரிக்கை, கீழே விழுந்தவரின் பாராசூட்டோடு சேர்ந்து ஊளையிடும் அவசரகால பீப்பர். இதிலிருந்து ஒரே ஒரு கிலுகிலுப்பைப் பிரித்து, "இரண்டு மணித் திசை, தூரம் குறைகிறது" என்று முன்னால் இருப்பவருக்குச் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒரு சிவப்பு விளக்கு. ஏவுகணைக்குக் கட்டளை அனுப்பும் சிக்னல் வந்தால் அது எரியும். அது எரிந்தால் யாருக்கோ ஏவுகணை கிளம்பிவிட்டது. நமக்கா, பக்கத்து விமானத்துக்கா என்பது விளக்குக்குத் தெரியாது.

ஏவுகணை வந்தால் எப்படித் தப்பினார்கள்?

கண்ணால் பார்த்துத்தான். கேட்க நம்பமுடியாததுபோல இருந்தாலும் அதுதான் முறை. ஏவும்போது தரையில் புழுதி மேகம் ஒன்று எழும்பும். முதல் சில விநாடிகள் பூஸ்டர் பிரகாசமாக எரிந்து கழன்று விழும். அந்த நேரத்துக்குள் பார்த்துவிட்டால் பாதி தப்பித்த மாதிரி. காக்பிட் கண்ணாடி வழியே பார்க்கும்போது அது இடம் மாறாமல் ஒரே புள்ளியில் நின்றுகொண்டு பெரிதாகிக்கொண்டே இருந்தால், அது உங்களுக்கானது.

உடனே திரும்பக்கூடாது. பயிற்சியில் தலையில் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. ஏவுகணை ஒலியைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வேகத்தில் வருகிறது. அதன் சின்னச் சிறகுகளால் அந்த வேகத்தில் சட்டென்று வளைய முடியாது. சீக்கிரமே திரும்பினால் தரையில் இருப்பவர் நிதானமாகத் திருத்திக்கொள்வார். எனவே மூக்கைக் கீழே சாய்த்து வேகம் சேர்க்க வேண்டும், ஏவுகணையும் கூடவே சாயும், கடைசி நொடிவரை பொறுத்து, முழு பலத்தோடு மேலே இழுக்க வேண்டும். அது கீழேயே கடந்து போய்விடும். சீக்கிரம் இழுத்தாலும் சாவு, தாமதித்தாலும் சாவு. இடைவெளி ஓரிரு விநாடி.

இந்த வித்தைக்கு இரண்டு எதிரிகள். ஒன்று மேகம். மேகத்தைத் துளைத்துக்கொண்டு ஏவுகணை வெளியே வந்தால் பார்த்து முடிவெடுக்கவே நேரம் கிடையாது. மேகத்துக்குச் சற்று மேலே பறப்பதை அனுபவசாலிகள் தற்கொலை என்றே சொன்னார்கள். இரண்டாவது பீரங்கி. ஏவுகணையை ஏமாற்றக் கீழே பாய்ந்தால் பீரங்கிகளின் எல்லைக்குள் வந்துவிடுவோம். வடக்கு வியட்நாமின் மேல் விழுந்த அமெரிக்க விமானங்களில் பெரும்பாலானவற்றை வீழ்த்தியது பீரங்கிதான். சாம் நேரடியாக வீழ்த்தியவை குறைவு. ஆனால் விமானங்களைக் கீழே விரட்டியது சாம். இந்தக் கணக்கைப் பார்க்காமல், சாம் பெரிய ஆயுதம் இல்லை என்று சிலர் எழுதுவது சரியில்லை.

பின்னிருக்கைக்காரரை 'கரடி' என்று கூப்பிட்டது ஏன்?

சங்கிலி போட்டுப் பழக்கிய வித்தைக் கரடி என்ற கிண்டல். போர் விமானிகளுக்கு இருந்த தலைக்கனத்திலிருந்து பிறந்தது. ஆனால் கொஞ்ச நாளிலேயே அது மரியாதைப் பெயராகிவிட்டது. கரடி சொல்லும் திசையில் கண்ணை மூடிக்கொண்டு போகவேண்டிய வேலை இது. அதனால் அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் நெல்லிஸ் தளத்தில் பயிற்சி முடித்த ஜோடிகள் முடிந்தவரை அப்படியே சேர்ந்தே பறந்தார்கள். தன் கையில் ஸ்டிக் இல்லாமல், இன்னொருவர் ஓட்டும் விமானத்தில் ஏவுகணையை நோக்கிப் போவதற்கு வேறு மாதிரி நெஞ்சுரம் வேண்டும். பெரிய விருதுகள் பெரும்பாலும் முன்னால் இருந்தவருக்குப் போயின, பின்னால் இருந்தவருக்கு ஒரு படி குறைவாகக் கிடைத்தது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

'ஷ்ரைக்' ஏவுகணை எவ்வளவு தூரம் கைகொடுத்தது?

ஷ்ரைக் ரேடார் கதிரைப் பிடித்துக்கொண்டு அது வரும் இடத்துக்கே போகும் ஏவுகணை. அமெரிக்கக் கடற்படை உருவாக்கியது. வீசல்கள் 1966 ஏப்ரலில் முதன்முதலாக ஏவினார்கள். யோசனை பிரமாதம், ஆனால் எஸ்.ஏ.-2 எட்டும் தூரத்தில் பாதிகூட ஷ்ரைக் எட்டாது. அவன் கைக்கு நாம் எட்டி ரொம்ப நேரம் கழித்துத்தான் நம் கைக்கு அவன் எட்டுவான். மூக்கை உயர்த்தி வில்லிலிருந்து எய்வதுபோல மேல்நோக்கி ஏவி தூரத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை, நடுவழியில் ரேடாரை அணைத்துவிட்டால் ஷ்ரைக்குக்குக் கண் போய்விடும். எங்கேயாவது விழும். வெடிமருந்தும் குறைவு, ஆன்டெனாவைக் கிழிக்கும், தளத்தை அழிக்காது. எனவே ஷ்ரைக் விழுந்த இடத்தில் எழும் புகையைப் பார்த்து, நேரில் போய்க் கொத்துக்குண்டு போடுவதுதான் வழக்கமான முடிப்பு. 1968இல் வந்த 'ஸ்டாண்டர்டு' வகை ஏவுகணை தூரத்திலும் வெடிமருந்திலும் மேல், ஆனால் கனமும் விலையும் அதிகம்.

தரையில் இருந்தவர்கள் சும்மா இருந்தார்களா?

அவர்கள் மட்டும் இளித்தவாயர்களா என்ன? வியட்நாமியக் குழுக்கள் வேகமாகக் கற்றுக்கொண்டன. விமானத்திலிருந்து ஒரு சிறு புள்ளி பிரிவதை ஃபேன் சாங் திரையில் பார்த்ததும், ஷ்ரைக் கிளம்பிவிட்டது என்று புரிந்துகொண்டு ஆன்டெனாவை வேறு பக்கம் திருப்பி அணைத்துவிடுவார்கள். தொலைவில் இருக்கும் வேறு ரேடார் தகவல் தர, ஃபேன் சாங்கைக் கடைசி நிமிடம்வரை ஆன் செய்யாமலே வைத்திருப்பார்கள். கதிரை வெளியே விடாமல் கருவியை மட்டும் சூடாக வைத்திருக்கவும் வழி இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகத் தளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்கள். விட்டுப்போன இடத்தில் மூங்கிலிலும் தகரத்திலும் செய்த பொம்மை ஏவுகணைகளும் சுற்றிப் பீரங்கிகளும்.

வாகனத்துக்குள் ஃபேன் சாங்கை மூன்று பேர் கைச்சக்கரத்தால் இயக்கினார்கள்: ஒருவர் திசை, ஒருவர் உயரம், ஒருவர் தூரம். ஷ்ரைக் வருகிறது என்று தெரிந்தும், ஏற்கெனவே ஏவிய ஏவுகணை இலக்கை அடையும்வரை அணைக்காமல் உட்கார்ந்திருந்தால் விமானம் விழும், தாங்களும் சாகலாம். அணைத்தால் ஏவுகணை வீண். வீசல்களின் வீரத்தைப் படிக்கும்போது, எதிர்ப்பக்கம் தகரப் பெட்டிக்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இந்த மூவரையும் சேர்த்து நினைத்துப்பார்த்தால்தான் காட்சி முழுமையாகும்.

லியோ தார்ஸ்நெஸ் பற்றிச் சொல்லப்படும் கதை உண்மையா?

உண்மைதான், அமெரிக்காவின் உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் சான்றிலேயே இருக்கிறது. 1967 ஏப்ரல் 19. தார்ஸ்நெஸ் ஓட்ட, ஹெரால்டு ஜான்சன் பின்னிருக்கையில். நான்கு விமானக் குழுவின் தலைமை. ஒரு தளத்தை ஷ்ரைக்கால் அமைதியாக்கினார்கள், இன்னொன்றைக் குண்டு போட்டு அழித்தார்கள். அந்தத் தாக்குதலில் அவர்களுடைய துணை விமானம் பீரங்கி அடிபட்டு விழ, அதிலிருந்த இருவரும் பாராசூட்டில் இறங்கினார்கள்.

தார்ஸ்நெஸ் போகவில்லை. மீட்பு விமானங்களுக்கு இடம் காட்டுவதற்காக வட்டமடித்தார். அப்போது ஒரு மிக்-17 கண்ணில் பட, துரத்திச் சுட்டு வீழ்த்தினார். எஃப்-105 அதற்காகச் செய்த விமானமே இல்லை. எரிபொருள் தீர்ந்துவர, வானிலேயே எரிபொருள் தரும் டேங்கர் விமானத்திடம் போய் நிரப்பிக்கொண்டார். அதற்குள் மீட்பு ஹெலிகாப்டர்கள் வருவதாகவும் மிக்குகள் சுற்றுவதாகவும் தகவல். விமானத்தின் பீரங்கியில் மிச்சம் 500 குண்டு. துணைக்கு ஆள் இல்லாமல் திரும்ப உள்ளே போனார். மிக்குகளோடு மோதி, அவற்றை மீட்புப் பகுதியிலிருந்து தன் பக்கம் இழுத்தார்.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கப்புறம் வருவது. மறுபடி எரிபொருள் தீர்ந்து டேங்கரை நோக்கிப் போகும்போது, வழி தவறிய இன்னொரு எஃப்-105 விமானி எரிபொருள் இல்லாமல் தவிப்பது ரேடியோவில் கேட்டது. டேங்கரோ ஒன்றுதான். அவரிடமே போ என்று டேங்கரிடம் சொல்லிவிட்டு, தார்ஸ்நெஸ் உயரத்தைக் கூட்டி, என்ஜினைக் குறைந்தபட்சத்தில் வைத்து, ஏறக்குறைய சறுக்கிக்கொண்டே தாய்லாந்தின் உடோர்ன் தளத்தில் வந்து இறங்கினார். தொட்டியில் ஒன்றுமில்லை. இத்தனை செய்தும், பாராசூட்டில் இறங்கிய அந்த இருவரை மீட்க முடியவில்லை. சிறைபிடிக்கப்பட்டார்கள்.

பதினோரு நாள் கழித்து, ஏப்ரல் 30 அன்று, மிக் ஒன்று சுட்ட ஏவுகணையில் தார்ஸ்நெஸும் ஜான்சனும் விழுந்தார்கள். அது அவர்களுடைய 93ஆவது பறப்பு. 1973 மார்ச் வரை ஹனோய் சிறையில். விருது தீர்மானமாகியும், கேள்விப்பட்டால் காவலர்கள் இன்னும் கொடுமைப்படுத்துவார்கள் என்று விடுதலைவரை வெளியில் சொல்லவில்லை. ஜான்சனுக்கு அடுத்த நிலை விருதான விமானப் படைச் சிலுவை கிடைத்தது.

93ஆவது பறப்பு என்கிறீர்களே, அதில் என்ன விசேஷம்?

வடக்கின் மேல் நூறு முறை பறந்தால் வீட்டுக்குப் போகலாம் என்பது விதி. அதனால் எல்லோரும் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். முதல் பத்தும் கடைசிப் பத்தும்தான் பயம் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். வீசல்களுக்கு இன்னொரு சுமை: குண்டுவீசும் படைக்குச் சில நிமிடம் முன்னால் உள்ளே போக வேண்டும், கடைசி ஆள் வெளியேறியபின்தான் கிளம்பவேண்டும். மற்றவர்கள் ரேடாரின் கண்ணில் படாமலிருக்கப் பாடுபட, இவர்கள் படவேண்டும் என்பதற்காகவே முன்னால் உலாத்தினார்கள்.

வேறு யாருக்கெல்லாம் மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது?

வீசல்களில் இன்னொருவர் மெர்லின் டெத்லெஃப்சன். 1967 மார்ச் 10 அன்று தாய் நுயென் உருக்காலை அருகே, தலைவர் விமானம் விழுந்து, தன் விமானமும் அடிபட்டபின், தளம் அழியும்வரை திரும்பத் திரும்பப் பாய்ந்தார். பின்னிருக்கையில் கெவின் கில்ராய்.

கடற்படையில் இதே வேலைக்கு 'அயர்ன் ஹேண்ட்' என்று பெயர். டைகாண்டரோகா என்ற விமானந்தாங்கிக் கப்பலின் மைக்கேல் எஸ்டாசின், ஏ-4 என்ற ஒற்றை இருக்கைச் சின்ன விமானத்தில், கரடி இல்லாமல் இதைச் செய்தார். 1967 ஏப்ரல் 20 அன்று அடிபட்டு எரிபொருள் ஒழுக, டேங்கர் விமானத்தின் குழாயைப் பிடித்தபடியே 100 மைலுக்கு மேல் பறந்தார். கப்பலுக்கு மூன்று மைல் இருக்கும்போது குழாயை விட்டு, எரியும் விமானத்தோடு தளத்தில் இறங்கினார். ஆறு நாள் கழித்து மறுபடி போனவர் திரும்பவில்லை. விருது இறந்தபின் கிடைத்தது.

மொத்தம் எத்தனை ரேடார்களை அழித்தார்கள்?

நம்பகமான ஒரு எண்ணைச் சொல்ல வழியில்லை, அதைச் சொல்கிறவர்களை நான் நம்புவதுமில்லை. ஷ்ரைக் ஏவினோம், கிலுகிலுப்பு நின்றது என்று குறிப்பு எழுதுவார்கள். அடிபட்டு நின்றதா, அணைத்ததால் நின்றதா? காதில் இரண்டும் ஒரே மாதிரிதான். தரையில் குறுக்குச் சோதனை செய்ய யாரும் போகமுடியாது. எதிர்ப்பக்கமும் இதே கதை: 1972 டிசம்பர் குண்டுவீச்சில் 15 பி-52 விமானங்களை இழந்ததாக அமெரிக்கா சொல்கிறது, 34 வீழ்த்தியதாக ஹனோய் சொல்கிறது.

அந்த விமானிகளே பின்னாளில் இதில் இரண்டு கட்சி. தளத்தை அழித்தால்தான் வேலை முடிந்தது என்றது ஒரு கட்சி. குண்டுவீசுகிறவர்கள் மேலே இருக்கும் அந்தப் பத்து நிமிடம் ரேடார் மூச்சு விடாமல் இருந்தால் போதும், அதற்கு என் ஏவுகணை விமானத்திலேயே தொங்கினாலும் சரி என்றது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. அணைத்துவைத்த ரேடாரால் யாரையும் சுடமுடியாது. ஆனால் நடக்காத ஒன்றை அறிக்கையில் எப்படி எழுதுவது? எத்தனை பேர் சாகவில்லை என்பதற்குக் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

வியட்நாமுக்கு வெளியே இப்படி நினைவுகள் உண்டா?

நிறைய. என் தேர்வு 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டனின் வல்கன் விமானம். அட்லாண்டிக் நடுவில் உள்ள அசென்ஷன் தீவிலிருந்து 6,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, ஃபாக்லாந்தின் தலைநகர் ஸ்டான்லி அருகே அர்ஜென்டினாவின் ரேடாரை ஷ்ரைக்கால் அடிக்கவேண்டும். ஜூன் 3 அன்று போன நீல் மக்டூகல் குழுவைக் கண்டதும் அர்ஜென்டினர்கள் பெரிய ரேடாரை அணைத்துவிட்டார்கள். விமானம் சுமார் 40 நிமிடம் வட்டமடித்துக் காத்திருந்தது. கடைசியில் பீரங்கிக்கான ரேடார் ஒன்று விழித்துக்கொள்ள, இரண்டு ஷ்ரைக் அதன்மேல் போயின. அதை இயக்கிய நால்வர் இறந்தார்கள்.

திரும்பும் வழியில் நடுவானில் எரிபொருள் நிரப்பும்போது குழாய் முனை முறிந்தது. இனி அசென்ஷன் எட்டாது. பிரேசிலின் ரியோதான் கதி. இரகசியத் தாள்களைப் பையில் போட்டு, காக்பிட் காற்றழுத்தத்தை இறக்கி, கதவைத் திறந்து கடலில் எறிந்தார்கள். மிச்ச ஷ்ரைக்குகளில் ஒன்று கழன்று விழ மறுத்தது. ரியோவில் இறங்கியபோது இன்னொரு வட்டம் அடிக்க எரிபொருள் இல்லை. ஒரு வாரம் அங்கே தங்கவைக்கப்பட்டு வீடு திரும்பினார்கள்; அந்த ஷ்ரைக் பிரேசிலிலேயே தங்கிவிட்டது.

1991 வளைகுடாப் போரில் பீர் பெயர்கள் வைத்துக்கொண்டது நிஜமா?

நிஜம். பஹ்ரைனிலிருந்து பறந்த எஃப்-4ஜி வீசல்கள் தங்கள் குழுக்களுக்கு அமெரிக்க பீர் கம்பெனிகளின் பெயர்களை வைத்துக்கொண்டார்கள். அவர்கள் கையில் ஷ்ரைக்கைவிடப் பலமடங்கு மேலான 'ஹார்ம்' ஏவுகணை இருந்தது. ஏவும்போது ரேடியோவில் "மேக்னம்" என்பார்கள். முதல் இரவு ஆளில்லா விமானங்களை அனுப்பி ஆசைகாட்ட, இராக்கிய ரேடார்கள் அவற்றைப் பிடிக்கக் கண்விழித்தன. பின்னால் ஹார்ம்கள் வரிசையாக வந்தன. சில நாளில் பல ரேடார்கள் ஆன் செய்யவே பயந்தன. இரண்டாவது கட்சி ஜெயித்த போர் என்று இதைச் சொல்லலாம்.

அப்படியானால் ரேடார்காரர்களுக்கு வழியே இல்லையா?

1999இல் செர்பியாவின் சோல்டான் டானியைப் பாருங்கள். அவர் தலைமையில் இருந்த பழைய எஸ்-125 ஏவுகணைப் பிரிவு மார்ச் 27 அன்று ரேடார் கண்ணில் எளிதில் படாத எஃப்-117 ஸ்டெல்த் விமானத்தையே வீழ்த்தியது. ரேடாரைச் சில விநாடிகளுக்கு மேல் எரியவிடக்கூடாது, சுட்டதும் இடத்தைக் காலிசெய்யவேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான விதி. ஹனோயைச் சுற்றி முப்பது வருடத்துக்கு முன்பே செய்த வேலைதான். போருக்குப் பின் டானி பேக்கரி நடத்தினார். அந்த விமானத்தின் விமானி டேல் ஜெல்கோ செர்பியா போய் அவரைச் சந்தித்தார், நண்பர்களானார்கள்.

இந்தியாவிடம் இதுபோன்ற ஏவுகணை உண்டா?

உண்டு. 'ருத்ரம்' என்ற ரேடார் எதிர்ப்பு ஏவுகணை 2020 அக்டோபரில் ஒடிசா கடற்கரையில் சுகோய்-30 விமானத்திலிருந்து ஏவிச் சோதிக்கப்பட்டது.

அந்த விமானங்களை இப்போது பார்க்க முடியுமா?

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரின் விமானப் படை அருங்காட்சியகத்தில் எஃப்-105ஜி ஒன்று இருக்கிறது. எஃப்-105எஃப் விமானத்தைப் பின்னாளில் மேம்படுத்திய வகை அது. ரியோவில் மாட்டிக்கொண்ட அந்த வல்கன், ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குக் கிழக்கே உள்ள ஈஸ்ட் ஃபார்ச்சூன் விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது.